அப்பாவுக்குச் சங்கு ஊதிய நாள்

அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஷிப்ட் மாறும்போது அங்கே ஊதுவதைச் சங்கு என்போம். பௌத்திர ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு மலத்தை அடக்க முடியாமல் போயிற்று. அவசரம் வந்தால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அதனால் வீட்டில் அதற்கும் சங்கு என்றே பேர் வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி நர்சம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தினமும் சாப்பிட்டதும் ஒரே நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். ஆசனவாயை இறுக்கிப் பத்து எண்ணி விட வேண்டும். வெளியே போனால் மாற்றுத்துணி வேண்டும். அப்பா எண்ணுவதற்குப் பதில் பத்துமுறை சிவசிவா என்றார். அவன் பேரைச் சொல்ல இடமென்ன, நேரமென்ன! நன்றாகவே தேறினார். ஆனாலும் வாசலைத் தாண்டவில்லை. பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள் என்று பயம்.

ஊரில் தேர்த்திருவிழா வந்தது. வடம் தொடாத வருஷமே அவருக்குக் கிடையாது. அம்மா ஒரு பையில் வேட்டி, துண்டு, சோப்பு வைத்து என்னையும் கூட அனுப்பினார்.

வடத்துக்குப் பத்தடி இருக்கும்போது அப்பா குனிந்து, "பாப்பா, சங்கு" என்றார். நகர முடியாத நெரிசல். சங்குக்கு வேறு அர்த்தமும் உண்டென்று ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? தொண்டை கிழியக் கத்தினேன்.

"வழி விடுங்க! எங்கப்பாவுக்குச் சங்கு ஊதிட்டாங்க!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு அம்மா "அய்யோ தேவுடா!" என்று மாரில் அடித்துக்கொண்டார். அந்த வழியில் அப்பா ஓட, பின்னால் நான் ஓட, முதல் வீட்டுக்காரம்மா பார்த்ததுமே புரிந்துகொண்டு கக்கூஸைக் காட்டினார். கொஞ்சம் தவறித்தான் போயிருந்தது. கழுவி, வேட்டி மாற்றி வந்தவர், இனி வடத்தைத் தொடலாமா என்று தயங்கி நின்றார்.

"சுத்தம் பண்ணியாச்சில்ல? குடலக் குடுத்ததும் அந்தச் சாமிதானேண்ணா. போய் இழுங்க" என்றார் அந்த வீட்டுக்காரம்மா.

வெளியே வந்தால் கூட்டம் காத்திருந்தது. "யாருக்கு பாப்பா சங்கு ஊதினாங்க?"

"இவருக்குத்தான்" என்று அப்பாவைக் காட்டினேன்.

எல்லோரும் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்கள். அப்பாதான் முதலில் சிரித்தார். மாசக்கணக்கில் சிரிக்காத மனுஷன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யோவ், செத்தவரு வந்துட்டாரு, வடத்துல எடம் குடுங்கய்யா!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் தோளைத் தட்டினார், ஒருவர் கையைக் கிள்ளிப் பார்த்தார், ஒரு பெரியவர் கட்டியே பிடித்துக்கொண்டார். அப்பா அவர்கள் நடுவில் நின்று வடம் இழுத்தார்.

இத்தனை பேர் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்களே, நம் அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று நான் பெருமையாக நின்றிருந்தேன்.