யோயோவுக்குத் தலையாட்டியவர்

சாவியை வெட்டி முடித்ததும் சாவிக்காரர் அதன் பற்களைக் கீழுதட்டில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். "பிசிறு இருந்தா விரலுக்குத் தெரியாது, உதட்டுக்குத் தெரியும்" என்பார். மாடிப்படிக்கு அடியில், ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய கடை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சட்டைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள். இரண்டிலும் ஒரு பக்கக் கால் கிடையாது.

யாராவது பாராட்டினால் மட்டும் முகம் சுண்டிவிடும். "மிஷின் வெட்டுது, என்னைச் சொல்லாதீங்க" என்று பேச்சை நறுக்கிவிடுவார். தன்னடக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பழைய விளையாட்டுப் பொருட்களைச் சேர்க்கும் நண்பர் ஒருவர் நாற்பது வருடத்துக்கு முந்தைய யோயோ ஒன்றைக் காட்டினார். பெட்டிக்குள் இருந்த தாளில் 'வடிவமைப்பு' என்று போட்டு, சாவிக்காரரின் பெயர். பத்திரிகைக்கு எழுதலாமே என்று கடைக்குக் கொண்டுபோனேன். பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். யோயோவைத் தொடவில்லை.

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

அந்தக் காலத்தில் அவர் பொம்மைத் தொழிற்சாலையில் உருளைப் பாகங்களைக் கடைந்தெடுக்கும் கடைசல்காரர். சாதாரண யோயோ, கை பழகியவர்களிடம்தான் திரும்பி வரும். இது தானாக வர வேண்டும். உள்ளே அச்சைப் பிடித்தபடி இரண்டு குட்டிக் கவ்விகள், அவற்றின் நுனியில் எஃகுக் குண்டுகள். வேகமாகச் சுழலும்போது குண்டுகள் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போக, கவ்விகள் பிடியை விட்டுவிடும். யோயோ கயிற்றின் அடியில் நின்று சுற்றும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் கவ்விகளை மறுபடி அச்சின் மேல் அழுத்தும். கயிறு சுற்றிக்கொண்டு கைக்கு ஏறிவிடும்.

"யோசனை என்னோடது இல்லைங்க" என்றார். பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, தன் தலை கிளிப்புகள் இரண்டைக் கழற்றி, அந்த ஸ்பிரிங்கை வைத்து முதல் மாதிரியைச் செய்திருக்கிறாள். அச்சைக் கொஞ்சம் கடைந்து தரச் சொல்லி இவரிடம் கொடுத்திருக்கிறாள். இவர் அதை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்துவிட்டார்.

"'உன் வேலையாய்யா?'ன்னாரு. ஆமான்னு வாயத் தொறந்து சொல்லலை. சும்மா தலையாட்டினேன்."

அடுத்த மாதமே இவரைப் போர்மேனாக உயர்த்திவிட்டார்கள். அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, என் கிளிப்ப மட்டும் குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாளாம்.

தொழிற்சாலையில் தயாரான யோயோ, அடியிலேயே நின்றுவிடுகிறது என்று பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. பிழை எங்கே என்று இவருக்குப் பிடிபடவில்லை. "அவகிட்ட கேட்டிருக்கலாம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?" ஒரே வருடத்தில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பிறகு யாருக்கும் அது நினைவில்லை, இவரைத் தவிர.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"ரெண்டு தெரு தள்ளித்தான். அந்தப் பக்கம் நான் போறதில்லை."

ஆனால் மறுநாள் காலை கடையைச் சாத்திவிட்டு என்னோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த அம்மா, ஸ்குரூடிரைவரும் கையுமாகக் கதவைத் திறந்தார். "வாங்கண்ணே" என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல.

"அன்னைக்கு நான்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அந்த அம்மா இடையில் புகுந்து காப்பாற்றவில்லை. காத்திருந்தார்.

"அது உன்னோடதும்மா. நான் எடுத்துக்கிட்டேன். இவர்கிட்ட சொல்லிட்டேன், எழுதப் போறாரு. முதல்ல உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

அம்மா என்னிடமிருந்து யோயோவை வாங்கி வீசினார். அடியில் சுற்றியது, சுற்றி ஓய்ந்து, அப்படியே தொங்கியது. மேசையில் வைத்துக் கழற்றி, குண்டு ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு கனம் போட்டா, கவ்வி புடிக்கிறதுக்குள்ள சுத்து செத்துடும். இதுல பாதி போதும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேண்ணே."

குரலில் கோபமே இல்லை.

யோயோவுடன் அந்த அம்மாவை ஜன்னலருகே உட்காரவைத்துப் படம் எடுக்க ஆயத்தமானேன். சாவிக்காரரையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். வரவில்லை. சுவரோரமாக ஒதுங்கி, அந்த அம்மாவின் முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, நான் போதும் என்று சொல்லும்வரை கையைத் தாழ்த்தாமல் நின்றார்.