கத்தரிக்காய் கைதூக்கிய நாள்

இணைய ஃபோரத்தில் என் பெயர் கத்தரிக்காய். பிரெஞ்சில் அப்படிப் பதிந்திருந்தேன். உள்ளே நுழைவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று கணினி கேட்டபோது, பகல் முழுவதும் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய்ப் பெட்டி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். தலைக்குள் வேறொன்றும் இருக்கவில்லை. மற்றவர்கள் பருந்து, சூறாவளி, கூர்க்கத்தி என்றெல்லாம் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் மரக்கறி.

அது பனிப்பலகையில் சறுக்குகிறவர்களின் ஃபோரம். அவர்களிலும் ஒரு தனிப் பிரிவு. மலையில் நீங்கள் காணும் பெரும்பாலானோர் பலகையைக் குறுக்கே திருப்பி, பனியை வழித்துக்கொண்டு இறங்குவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பாவச் செயல். ஒடுக்கமான பலகை, இரும்புபோல இறுகிய சப்பாத்து. பலகையை அதன் விளிம்பில் நிறுத்தி, கை பனியைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து வெட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் போன பிறகு பென்சிலால் கீறியதுபோல ஒரு கோடு மட்டும் கிடக்கும். இதற்குக் கார்விங் என்று பெயர். ஒரு மலைக்கு இப்படி ஒருவர் இருந்தாலே அதிகம். ஊருக்கு ஒரு விசரன் என்று சிதறிக் கிடந்தவர்களை இணையம் ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தது.

நான் இதற்குள் விழுந்தது தற்செயல். ஒரு கோடையில் முதலாளி என்னைச் சந்தை வண்டியில் இல்-பிசார் தீவுக்கு அனுப்பினார், யாரோ வீட்டுக் கொண்டாட்டத்துக்கு மரக்கறி கொடுக்க. பக்கத்து வீட்டில் ஒருவர் கராஜைக் காலி செய்துகொண்டிருந்தார். நரைத்த தாடி, நொண்டும் முழங்கால். ஒரு நீளப் பலகையைத் தூக்கிக் காட்டி, "இது உனக்கு வேணுமோ? சும்மா எடு" என்றார். அந்தத் தீவில் வீடுகள்தான் இருந்தன, தெருவில் ஒரு சனம் இல்லை. அன்று முழுவதும் என்னுடன் கதைத்த முதல் மனிதர் அவர். வேண்டாம் என்றால் கதை அத்துடன் முடிந்துவிடும். அதனால் வேண்டும் என்றேன். அப்போதுதான் அவர் சப்பாத்தையும் கொண்டுவந்தார். பிறகு ஃபோரத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு மனைவி போய்விட்டதைச் சொன்னார். வண்டியில் கீரை வாடிக்கொண்டிருந்தது.

அவரைத் தீவுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அரை ஆங்கிலமும் என்னுடைய கால் பிரெஞ்சும் கலந்துதான் எங்கள் பேச்சு நடந்தது. அதை நான் தமிழில் எழுதும்போது அவர் யாழ்ப்பாணத்தவர்போலத் தோன்றினால் பிழை என்னுடையது.

செயின்ட்-மிஷேலில் ஒரு நிலக்கீழ் அறை எனக்கு இருந்தது. ஜன்னலால் பார்த்தால் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும். வேலை முடிந்து வந்தால் சப்பாத்துகளைப் பார்க்கலாம், அல்லது ஃபோரத்தைப் பார்க்கலாம். ஃபோரத்தில் குளிர்காலம் முழுவதும் விளிம்பு தீட்டுவது, மெழுகு பூசுவது, சப்பாத்தின் கோணம் என்று கதை போகும். பனி இல்லாத மாதங்களில் பலகைக் கதை தீர்ந்துவிட, வாழ்க்கையை எடுத்து வெளியே வைப்பார்கள். யாருடைய நாய் செத்தது, யாருடைய மகன் போன் எடுப்பதில்லை, யாருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. முகம் தெரியாத மனிதர்கள். ஆனால் அவர்களில் இருவருடைய முழங்கால் எக்ஸ்ரேயை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சறுக்கும் படங்களையும் போடுவேன். கார்விங்கில் பெரிய குற்றம், இடுப்பில் மடிந்து பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போவது. நான் அதில் விண்ணன். "கத்தரிக்காய் கக்கூசில குந்தியிருக்குது, யாரும் கதவைத் தட்டாதேங்கோ" என்று ஒருவர் எழுதுவார். "பின்னால லைட் பூட்டு, வாகனங்கள் முட்டப்போகுது" என்று இன்னொருவர். நான் சிரித்துச் சிரித்துத் தேநீரை விசைப்பலகையில் ஊற்றியிருக்கிறேன். இந்த நாட்டில் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறவர்கள் நிறையப்பேர், பொன்ஜூர், மெர்சி என்று. உரிமையோடு நக்கலடிக்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சந்தையில் என்னோடு வேலை செய்த அண்ணையின் வாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது லொறிச் சத்தம்போல, சந்தையின் ஒரு பகுதி.

அந்த இலையுதிர் காலத்தில், மான் வேட்டை தொடங்கும் நேரம், யாரோ ஒருவர் ஃபோரத்தில் கேட்டார்: வீட்டில் என்ன துவக்கு வைத்திருக்கிறீர்கள்? எல்லோரும் பாய்ந்து வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் தன் அலுமாரியையே படம்பிடித்துப் போட்டார். வேறொருவர் பாட்டனின் வேட்டைத் துவக்குக்கு எண்ணெய் பூசும் முறையை விளக்கினார். எங்கள் வீடுகளில் இட்லிச் சட்டியைப் பற்றிப் பேசுவதுபோல, அவ்வளவு வாஞ்சை. துவக்கு வேண்டாம் என்பவர்களும் வந்து சண்டை பிடித்தார்கள். எனக்கும் அந்தக் கூட்டத்தில் குந்த ஆசை. எழுதினேன்:

"என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் எல்லோரையும்விட அதிகமான துவக்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டை இருக்கிற பக்கத்திலிருந்து. அங்கே நின்றால் என்ன மொடல் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்."

நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஃபோரம் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த நாள் ஒவ்வொருவராக வந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு செத்தவீட்டுக்குள் நுழைவதுபோல. "பகிர்ந்துகொண்டதற்கு நன்றி நண்பா." "உன் பலத்தை மதிக்கிறோம்." அலுமாரிக்காரர் படத்தை எடுத்துவிட்டார். பனி விழுந்ததும், நான் மிகக் கேவலமாக விழுந்த ஒரு வீடியோவைத் தேடிப் போட்டேன். பின்பக்கம் முழுத்திரையையும் மறைத்தது. கூர்க்கத்தி எழுதினார்: "நல்ல முன்னேற்றம்." சூறாவளி எழுதினார்: "தொடர்ந்து முயற்சி செய்."

அன்று எனக்கு விளங்கியது, என்னைக் கழித்துவிட்டார்கள் என்று. மிக அன்பாக.

அண்ணையிடம் சொன்னேன். அவர் முட்டைக்கோசின் வெளி இலைகளை உரித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு விசரே தம்பி? நல்லாக் கதைக்கிறாங்கள் எண்டு அழுற முதல் ஆளை இப்பதான் பாக்கிறன்."

"முந்தி நக்கலடிச்சவங்கள் அண்ணை."

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீ. இப்ப துவக்கு வைச்சிருக்கிறவன் உன்னைப் பாத்துச் சிரிக்கேல்லை எண்டு கவலைப்படுறாய். அந்தப் பெட்டியை இஞ்சால தள்ளு."

குளிர்காலம் முடிகிற நேரத்தில் வடக்கே ஒரு மலையில் எல்லோரும் நேரில் கூடுவது வழக்கம். அந்த முறைதான் நான் முதல்முதலாகப் போகிறேன். தீவுக்காரரின் காரில் எனக்கு இடம் இருந்தது. போகாமல் விடலாமா என்று யோசித்தேன். முகத்துக்கு நேரேயும் மரியாதை கிடைத்தால், பிறகு அறைக்குத் திரும்பி எந்த முகத்தோடு ஃபோரத்தைத் திறப்பது? ஆனாலும் போனேன். காரில் அவர், ஹீட்டர் போதுமோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முன்பென்றால், உன் பின்பக்கத்துக்குத் தனி சீட் வேண்டும் என்றிருப்பார்.

மலையடியில், உச்சிக்கு ஏற்றிச்செல்லும் கதிரை லிப்டுக்கு வரிசை. கூர்க்கத்தி, சூறாவளி, பருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். நேரில் பார்த்தால் எல்லோரும் வழுக்கை. கைகொடுத்தார்கள், தோளைத் தட்டினார்கள், குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். என் முறை வந்தது. சட்டையில் தொங்கும் டிக்கெட்டை வாசிக்க, வாசலில் நின்ற பெண் ஸ்கேனரை நீட்டினாள். அந்த ஸ்கேனர் கைத்துப்பாக்கி மாதிரியேதான் இருக்கும். விசை உண்டு, சிவப்பு வெளிச்சம் நெஞ்சில் விழும்.

என் இரண்டு கைகளும் தாமாக மேலே போயின.

அது எனக்குப் புதிதல்ல. சோதனைச்சாவடிகளில் வளர்ந்த கைகள், என்னிடம் கேட்பதில்லை. தனியாகப் போகும் நாட்களில் சோம்பல் முறிப்பதுபோல நடித்துச் சமாளிப்பேன். அன்று எனக்குப் பின்னால் நான் எழுதியதைப் படித்தவர்கள் முழு வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஸ்கேனர் பீப் என்றது.

தீவுக்காரரும் நானும் ஒரு கதிரையில் ஏறினோம். கீழே இயந்திரம் சீவிவிட்ட பனி, ஒரு கோடுகூட விழாமல் கிடந்தது. பாதிவழியில் அவர் பேசத் தொடங்கினார்.

"எங்கட அப்பாவின்ர துவக்கு ஒண்டு வீட்டில இருந்தது. ஃபோரத்தில நான் அதைப் பற்றி எழுதேல்லை. மனிசி போனாப் பிறகு கொண்டுபோய்த் தம்பியிட்டக் குடுத்திட்டன்."

"ஏன்?"

"வீடு சரியான அமைதியா இருந்தது" என்றார். பிறகு கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கியது. அந்த அமைதியை நானும் சப்பாத்து ஜன்னலுக்குக் கீழே இருந்து கேட்டவன். நாக்கின் நுனியில் நல்ல வார்த்தைகள் வந்து நின்றன: பகிர்ந்ததற்கு நன்றி, உங்கள் பலத்தை மதிக்கிறேன். அவற்றின் ருசி எனக்குத் தெரியும். நான் அதைச் சொன்னால் இந்த மனிதரும் இனி என்னிடம் வாய் திறக்கமாட்டார். நக்கலடித்தாலோ என்னைக் கதிரையிலிருந்து தள்ளிவிடக்கூடும். உயரம் கொஞ்சம் அதிகம்தான்.

"துவக்கைக் குடுத்தது சரி" என்றேன். "அந்தப் பலகையையும் தம்பியிட்டயே குடுத்திருக்கலாம். அதாலதான் நீர் ஆக்களைக் கொல்லப் பாக்கிறீர். என்னையே பாரும்."

அவர் திரும்பிப் பார்த்தார். லிப்ட் கம்பத்தைத் தாண்டும்போது கடகடவென்றது. அவருடைய தாடி ஆடத் தொடங்கியதைக் குளிர் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு. கதிரையே ஆடியது.

"உன்ர பின்பக்கம்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "குளிர்காலம் முழுக்க அடக்கி வைச்சிருக்கிறன். அந்த வீடியோவைப் பாத்திட்டு, சிரிப்பை அடக்க எழும்பி நடந்தனான். எழுதக்கூடாது எண்டு எல்லாரும் கதைச்சு வைச்சனாங்கள்."

"கதைச்சு வைச்சனீங்களோ?"

"ஓம். இப்ப கேள். கீழ ஸ்கேனருக்கு முன்னால நிண்டாய் பார், முதுகு நேர், பின்பக்கம் உள்ள. உன்ர வாழ்க்கையில ஒரேயொரு தரம் சரியா நிண்டது அதுதான். அப்பிடியே சறுக்கு."

உச்சியில் இறங்கியதும் மற்றவர்களிடமும் அதையே சொன்னார். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், சிரிக்கலாமா என்று. நான் கைகளை மேலே தூக்கிக் காட்டினேன். முதலில் சிரிப்பில் உடைந்தது கூர்க்கத்தி.

கைகளைத் தூக்கியபடியே இறங்கினேன். தீவுக்காரர் சொன்னது சரி. கை மேலே போனால் முதுகு நிமிர்கிறது. பலகை விளிம்பில் ஏறி, கத்தி தோடம்பழத்துக்குள் இறங்குவதுபோலச் சத்தமில்லாமல் பனிக்குள் இறங்கியது. பாதி மலைவரை. பிறகு சந்தோஷத்தில் பின்னால் திரும்பி, நான் பனியில் கீறிவந்த கோட்டைப் பார்த்தேன், முகம் குப்புற விழுந்தேன். மேலேயிருந்து ஆறேழு வழுக்கைகள் ஒன்றாகக் கத்தின: "சரணடைஞ்சவனைச் சுட்டுப்போட்டாங்கள்." வாயில் பனியோடு படுத்திருந்து அதைக் கேட்டேன். எழும்ப மனம் வரவில்லை. என் கோட்டின் மேலே மற்றவர்கள் தங்கள் கோடுகளைக் கீறிக்கொண்டு வந்தார்கள்.

பின்னேரம் தீவுக்காரர் என்னை மெட்ரோ வாசலில் இறக்கிவிட்டார். நீளப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாயெல்லாம் சிரிப்பு, சொல்வதற்கு ஒருவரும் இல்லை. அறை நான் விட்டுப்போனபடியே இருந்தது.

மறுநாள் காலையில், சந்தையில் அண்ணை கேட்டார்: "என்னவாம் உன்ர கூட்டாளிமார்?"

"என்ர பின்பக்கம் தள்ளிக்கொண்டு நிக்குதாம் அண்ணை."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இதுக்கு ஏன் மலைக்குப் போனனீ? நான் எத்தினை வருஷமா இஞ்ச நிண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், சொல்லிக்கொண்டுதான் இருந்தார். லொறி வந்து நின்றது. நான் முதுகை நிமிர்த்தி முதல் பெட்டியைத் தூக்கினேன். கத்தரிக்காய்.