பின்னால் வரும் வண்டி

எங்கள் பக்கத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் பெரிய ரோட்டில் எதிர்த்திசையில்தான் போவார்கள். விவரம் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் போகிறார்கள். திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு மிதிக்கிற யாரை வேண்டுமானாலும் காலையில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில்தான் வரும். நேர்த்திசையில் போனால் லாரி முதுகுக்குப் பின்னால் வரும். எதிரே போனால் அதன் மூஞ்சி தெரியும். மூஞ்சி தெரிந்தால் காலை ஊன்றி ஓரத்து மண்ணில் இறங்கிவிடலாம். போலீஸ்காரர்கூட இதற்காகச் சைக்கிள்காரர்களைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தெருவும் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் பட்டறையும் ரோட்டின் ஒரே பக்கம். காலையில் முறைப்படி போவதென்றால் நடுத்தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய், மறுபடி தாண்டி இந்தப் பக்கம் வர வேண்டும். தடுப்பில் இருந்த வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார்கள். யூ டர்ன் தள்ளிப்போனால் கார்காரருக்குக் கொஞ்சம் பெட்ரோல்தான் செலவு, மிதிக்கிறவருக்கோ தொடை கழன்றுவிடும். அதனால் இவர் மாலையில் ஊரோடு ஒத்து நேராக வருவார், காலையில் எதிரே போவார்.

இவருக்குக் காது கேட்காது. பிறவிக் கோளாறு இல்லை. தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றதில் வந்தது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் போய்க் கத்தினால் விழும். ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷினை வீட்டில் போட்டுக்கொள்வார். சைக்கிளில் ஏறும்போது கழற்றி, பாலிதீன் கவரில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துவிடுவார். ஓட்டும்போது காற்று புகுந்து பேய் மாதிரி இரைகிறதாம், வியர்வை பட்டால் கெட்டும் போய்விடுமாம்.

எதிரே போகிற வழக்கம் அவருக்கென்றே ஏற்பட்டதுபோல இருந்தது. நான் பயந்தால் சிரிப்பார்.

"காது வேலையையும் கண்ணே பாத்துக்குதுமே. எதிர்ல வர்றது அத்தினியும் எனக்குத் தெர்து. பின்னாடி இன்னா வந்துடப் போவுது?"

அப்போது அது சரியாகத்தான் இருந்தது. அந்த ஓரத்தில் பின்னால் வந்ததெல்லாம் இன்னொரு சைக்கிள். மோதினால் இரண்டு கெட்ட வார்த்தை, அத்தோடு தீர்ந்தது.

பிறகு பேட்டரி ஸ்கூட்டர் வண்டிகள் வந்தன. நம்பர் பிளேட் இல்லை, லைசென்ஸ் வேண்டாம், பதினாறு வயது ஆனதா என்று கேட்பாரும் இல்லை. முதுகில் சாப்பாட்டுப் பெட்டி சுமக்கிற பையன்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். அவர்களுக்கும் அதே தடுப்புச் சுவர், அதே தொலைதூர யூ டர்ன். அவர்களும் எதிர்த்திசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சைக்கிளைவிட வேகம், ஆனால் சத்தம் துளியும் கிடையாது. நான் அவற்றுக்குப் பூனை வண்டி என்று பெயர் வைத்திருந்தேன். காது நன்றாகக் கேட்கிற நானே பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, முழங்கையில் காற்று பட்ட பிறகுதான் ஒன்று கடந்துபோனதை அறிவேன். அப்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கோபம். கோபம் தணிந்ததும் அவர் ஞாபகம் வரும்.

ஒரு நாள் கணுக்காலுக்கு மேலே தோல் உரிந்து வந்தார். ஒரு வண்டியின் ஸ்டாண்டு உரசிவிட்டதாம். ஓட்டியவன் கையைத் தூக்கி ஏதோ சொல்லிவிட்டுப் போனானாம். மன்னிப்பா வசவா என்று இவருக்குத் தெரியவில்லை. மஞ்சள் வைத்துக்கொண்டு மறுநாளும் கிளம்பினார். பெடலில் கீறல், மட்கார்டில் நெளிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினேன். அந்த ரோட்டுக் குண்டுகுழியில் அது ஆடிய ஆட்டத்தில் அவருடைய தோள்பட்டையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஒரு வாரத்தில் அதன் கழுத்தும் முறிந்தது.

சைக்கிள் பாதை போடுவதைப் பற்றிப் பேச ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையும் போட்டுக்கொண்டு கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிற அடுக்குமாடிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சுற்றுச்சூழலைப் பற்றி அழகாகப் பேசினார்கள். கடைக்காரர்கள் எழுந்து, பாதை போட்டால் வாடிக்கையாளர் வண்டியை எங்கே நிறுத்துவார் என்று கத்தினார்கள். பேட்டரி வண்டி வாடகைக்கு விடுகிறவர், எதிர்காலமே எங்கள் கையில்தான் என்றார். நான் எழுந்து, தினமும் வேலைக்கு மிதிக்கிறவர்கள் யாராவது இங்கே வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. எப்படி எழும்? அந்த நேரத்தில் அவர்களெல்லாம் ஷிப்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் கொஞ்ச தூரத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். மறுநாளே அதன்மேல் டாட்டா ஏஸ் சரக்கு வண்டிகள் வரிசையாக நின்றன.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்கே ஒரு பூனை வண்டி வந்து சேர்ந்தது. கரையான்சாவடியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அவள் ஓட்டிக்கொண்டிருந்த பேட்டரி வண்டியை மருமகன் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுப் போனார்.

"சும்மா நின்னா பேட்டரி கெட்டுப்பூடும்மா. நீ எடுத்துகினு போ. எவ்ளோ நாளு அந்த முட்டிய வச்சிகினு பஸ்ஸுக்கு நடப்ப?" என்றாள் மகள்.

எனக்கும் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில்தான் வேலை, எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்ப்பது. இரண்டு நாள் தெருவுக்குள் ஓட்டிப் பழகினேன். பொய் சொல்வானேன், பிடித்துப்போனது. கையை லேசாகத் திருகினால் போதும், முட்டி வலி எங்கேயோ பின்னால் விழுந்துவிட்டது. முதல் சில நாள் சட்டப்படி தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். யூ டர்னில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பும்போது அதன் வாலுக்கும் தடுப்புக்கும் நடுவே மாட்டி, உயிர் போய்த் திரும்பியது. அன்றோடு நானும் ஓரத்துக்கு வந்துவிட்டேன். எல்லோரும் ஏன் அங்கே போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இவர் எனக்கு முன்னதாகவே கிளம்பிவிடுவார். ஆனால் வழியில் டீக்கடையில் நிற்பது வழக்கம் என்பதால் சில நாள் அவரைத் தொலைவில் பார்ப்பேன். அவரை எட்டுவதற்குள் நான் என் கம்பெனி கேட்டுக்குள் திரும்பிவிடுவேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். காலை ஊன்றி இறங்குகிற மண் அத்தனையும் போய்விட்டது. அந்த இடத்தில் பள்ளம், பள்ளத்துக்குள் நட்டு வைத்த கம்பிகள். பள்ளத்துக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் அகலம்தான் மிச்சம். அதிலும் ஜல்லி சிதறிக் கிடந்தது. லாரியின் மூஞ்சியைப் பார்த்து இனி யாருக்கும் பிரயோஜனமில்லை, ஒதுங்க இடமே இல்லை. ஆனாலும் அதிலேதான் எல்லோரும் போனார்கள், நானும்தான்.

ஒரு நாள் காலை இவர் வீட்டை விட்டுக் கிளம்பவே தாமதமாகிவிட்டது. டீக்கடையைத் தாண்டியதும் அவருடைய நீலச் சட்டை எனக்கு முன்னால் தெரிந்தது. எட்டிப் பிடிக்கலாமென்று கையைத் திருகினேன். பின்னால் ஒட்டிப் போய் வலது காதில் கத்தி அவரைப் பதற வைக்க வேண்டுமென்று ஒரு குறும்பு. வண்டி விருட்டென்று போனது. அப்போது எதிரே தண்ணீர் லாரி ஒன்று ஓரம் ஒட்டி வந்தது. அதைப் பார்த்து அவர் மிதிப்பதை விட்டு வேகத்தைக் குறைத்தார். அதுதான் அவர் எப்போதும் செய்வது. நான் ஹார்ன் அடித்தேன். அவர் திரும்பவில்லை.

பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். ஜல்லியில் சக்கரம் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. "யோவ்! யோவ்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த முதுகு அசையவில்லை. அவருடைய மட்கார்டுக்கும் என் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாமல் வண்டி நின்றது. தண்ணீர் லாரி அவரை ஒட்டிக்கொண்டு போனது. அவர் சட்டை காற்றில் உப்பி அடங்கியது. லாரி போனதும் மறுபடி மிதித்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்சம் தட்டியிருந்தால் போதும், ஒரு பக்கம் கம்பி, இன்னொரு பக்கம் லாரிச் சக்கரம்.

நான் அங்கேயே நின்றேன். இறங்கவும் முடியவில்லை, ஓட்டவும் முடியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்காரன் பூனை வண்டியில் வந்து முட்டாத குறையாக நின்றான்.

"இன்னாக்கா, வழில நின்னுகினு கீற? நவுருக்கா, டைம் ஆவுது."

நான் வண்டியைக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டேன். அவன் கெஞ்சினான், பிறகு திட்டினான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டு திட்டினார்கள். திட்டிக்கொள்ளட்டும். நீலச் சட்டை கண்ணை விட்டு மறையும்வரை ஒருத்தனையும் நான் விடவில்லை.

அன்று முழுக்க வேலையில் கை ஓடவில்லை. சாயங்காலம் வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகம் கழுவி, காது மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டீயை வாங்கிக் குடித்தபடி ரொம்ப சாவகாசமாகச் சொன்னார்.

"இன்னிக்கு ரோடு நல்லா இருந்துச்சுமே. ஒருத்தனும் கிட்டக்க வர்ல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே நடந்ததெல்லாம் சொன்னேன். ஹார்ன் அடித்தது, கத்தியது, சக்கரம் நின்ற இடம். எவ்வளவு கிட்டத்தில் என்று கையை விரித்துக் காட்டினேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். என் கையையே பார்த்தார்.

"அப்ப தெனம் எத்தினி பேரு அப்டி வந்து வந்து நின்னானுங்களோ" என்றார்.

அவர் மேல் பட்டவை மட்டும்தான் அதுவரை அவர் கணக்கில் இருந்தன. அவர் முகத்தில் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியபோதுகூட இல்லை.

அப்புறம் மூன்று பேரும் வழி தேடினோம். என் பின்னால் உட்கார்ந்து வா என்றேன். "பின்னாடி குந்திகினா எதிர்ல வர்றது எனக்கு எப்டித் தெரியும்? நீ ஒரு பள்ளத்துல உட்டா நான் இன்னாத்த பாத்து குதிப்பேன்?" என்றார். நேர்த்திசையில் போ என்றால், "அப்ப லாரியே இல்ல பின்னாடி வரும்" என்றார்.

"வேலைய உட்ரு நைனா" என்றாள் மகள்.

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். பஸ்ஸில் போ என்றேன். ஸ்டாப்பிலிருந்து பட்டறைக்கு அதே பள்ளத்தோரம்தான் நடக்க வேண்டும், நடக்கிறவனுக்கும் முதுகுதானே பின்னால் இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை நான் பேட்டரி வண்டியை எடுக்கவில்லை. பஸ்ஸுக்கும் போகவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பியதும் ரோடு வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, காது மெஷினைக் கழற்றி, கவரில் சுற்றிப் பையில் போட்டார். வழக்கம்போல எதிர்த்திசை ஓரத்தில் ஏறினார். எதிரே லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

நாலு மிதி மிதித்ததும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்கிறார் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கும் பின்னால் பார்த்தார். முன்னால் திரும்பி இன்னும் நாலு மிதி மிதித்தார், மறுபடி பின்னால் பார்த்தார். அப்படித் திரும்பும்போதெல்லாம் கை தானாக இழுத்து, சைக்கிளின் முன்சக்கரம் லாரி வருகிற பக்கமாக ஒரு முழம் விலகிப் போய் வந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. நான் கத்தினேன்.