கேத்தரின் எடுத்துவிட்ட வரிகள்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் கேத்தரின் என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் மிஷனரியின் அக்கா என்றால் தெரியும். பேக்கரியில் பன் வாங்க நின்றால்கூட, "தம்பி எப்படி இருக்கார் சிஸ்டர்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். உடனே அவள் முதுகு நிமிர்ந்துவிடும். பள்ளி அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. அவளைத் தேடி வந்த மரியாதை எல்லாம் இந்தத் தம்பியால் வந்ததுதான்; அது அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

தம்பி ஜாய்சனை மலாவி நாட்டின் ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக்கு ஊழியத்துக்கு அனுப்பியது இங்குள்ள சபைதான். அவனுக்குப் பேச வரும், எழுத வராது. அதனால் மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான். அதைக் கேத்தரின் ஜெபக் கடிதமாக டைப் செய்து, முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக்கில் வாசிப்பாள். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் சபையார் "ஸ்தோத்திரம்" என்பார்கள்.

கேட்கக் கேட்க அலுக்காத செய்திகள்தான் அவை. பிரசங்க மேடைக்குள் ஒரு கோழி குடிபுகுந்து, சரியாக ஜெப நேரத்தில் முட்டையிட்டுக் கொக்கரித்தது. ஒரு கிழவி ஞாயிறுதோறும் தன் முக்காலியைத் தலையில் சுமந்து வந்து, ஆராதனை முடிந்ததும் திரும்பச் சுமந்துகொண்டு போனாள்; கோயில் பெஞ்சை அவள் நம்பவில்லை. ஜாய்சன் காய்ச்சலில் கிடந்தபோது, ஒரு நாளும் கோயில் பக்கம் வராத பக்கத்துக் கடை முஸ்லிம் பெரியவர் மூன்று நாள் இஞ்சி டீ கொண்டுவந்து கொடுத்தார். "இங்க மக்காச்சோளக் களிதான் அக்கா மூணு வேளையும். நம்ம ராகி முத்தை உருண்டை மாதிரியே, ஆனா வெள்ளை. கண்ண மூடிக்கிட்டுத் தின்னா பெங்களூர்லயே இருக்கேன்" என்பான்.

பேசியதை எல்லாம் அப்படியே வாசிக்க முடியுமா? "போன வாரம் பதினாலு பேர் வந்தாங்க அக்கா. அதுல நாலு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க" என்பான். கேத்தரின் மழையை எடுத்துவிட்டு, 'பதினான்கு ஆத்துமாக்கள்' என்று அடிப்பாள். இதில் என்ன குற்றம் என்று தன்னைத் தானே கேட்டு, குற்றமில்லை என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம் ஒரு பதிவின் கடைசியில் அவன் குரல் இறங்கியது. "ரொம்ப பேஜாரா இருக்கு அக்கா. பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. ஒரு மாசமா நான் வாயத் திறந்து தமிழ் பேசினது உங்கிட்ட மட்டும்தான். கமிட்டியில சொல்லு. கூட ஒருத்தர அனுப்பட்டும், இல்லன்னா என்னத் திரும்பக் கூப்பிட்டுக்கட்டும். நீதான் பக்குவமா சொல்லுவே."

கேத்தரின் அழுதாள். தாயில்லாத பிள்ளையாக அவள் இடுப்பில் வளர்ந்தவன் அல்லவா. ஆனால் முன்பு இதே சபை அனுப்பி, பாதியில் திரும்பிவந்த ஒருவரைப் பற்றிக் கோயில் வாசலில் என்னென்ன பேசினார்கள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. தன் தம்பியை அந்த வாய்களுக்குக் கொடுப்பதா? அது மட்டுமில்லை. அவன் திரும்பிவந்தால் அவள் யார்? அந்த வரிகளை எடுத்துவிட்டு, 'கர்த்தர் அற்புதமாய் நடத்தி வருகிறார்' என்று அடித்தாள். சபையார் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

அப்புறம் ஐந்து முறை கேட்டான். ஐந்து முறையும் அதே வரியைப் போட்டாள். "கமிட்டி என்ன சொல்லுச்சு?" என்று அவன் விசாரித்தால், "பேசிக்கிட்டு இருக்காங்கப்பா" என்பாள். பிறகு அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

போன ஜூனில் ஜாய்சன் விடுமுறையில் வந்தான். காலர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனையில் சால்வை போர்த்தினார்கள். கடிதங்களைக் கேட்டுச் சபையே மகிழ்ந்திருப்பதால் அவனை இன்னும் ஐந்து வருஷம் அங்கேயே ஊழியத்தில் வைத்திருக்கக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது என்று செயலாளர் அறிவித்தார். கைதட்டல் ஓய நேரமானது. ஜாய்சன் சால்வையோடு நின்று அக்காவைப் பார்த்தான். அக்கா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க லெட்டர் ஒண்ணு விடாம வச்சிருக்கோம் பிரதர்" என்று செயலாளர் ஒரு நீல ஃபைலை அவன் கையில் கொடுத்தார்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவன் அதைப் படித்தான். கேத்தரின் அடுப்படியில் அவன் கொண்டுபோக அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். தாள் திரும்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எந்த மாதம் வந்திருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓர் ஈடு கருகியது. தூக்கி எறிந்தாள். அடுத்ததும் கருகியது.

அவன் ஃபைலை மூடினான். "நல்லா எழுதியிருக்கே அக்கா" என்றான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள்.

அவன் புறப்பட இன்னும் நான்கு நாள் இருந்தது. செயலாளர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தினமும் செருப்பை மாட்டினாள், கழற்றினாள். வியாழக்கிழமை ஏர்போர்ட்டில் அவன் அச்சு முறுக்குப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

இப்போதும் மாதம் தவறாமல் பதிவு வருகிறது. ஆனால் அவன் பேச்சு மாறிவிட்டது. 'பதினெட்டு ஆத்துமாக்கள்' என்கிறான். கிழவி செத்துப்போனதை, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று சொன்னான். அந்த முக்காலி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் கடைசியில், "நீ சாப்ட்டியா அக்கா?" என்று கேட்பான். அதையும் அவள் கடிதத்திலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். இப்போது எடுத்துவிட ஒன்றுமே இல்லை. அப்படியே டைப் செய்யலாம்.

போன வாரம் பொறுக்கமாட்டாமல் அவளே கூப்பிட்டாள். "டேய், சபைக்கு இல்லடா. எனக்குச் சொல்லு. எப்படிடா இருக்கே?"

அவனுக்குப் பின்னால் கோழிகள் கொக்கரிப்பது கேட்டது.

"கர்த்தர் அற்புதமாய் நடத்தி வருகிறார், அக்கா" என்றான் ஜாய்சன்.