ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா

தான் செய்யாத பிழைக்காகத் தங்கேஸ்வரி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பழியோடுதான் போன வாரம் அவர் உடலை எரித்தார்கள். பழியைச் சுமத்தியவர்கள் நல்ல பெயரோடு இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

மஸ்கெலியாவிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார்: "அக்கா போயிட்டாங்க ஐயா." ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தவர். தெரிந்தும் நான் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் நிறுவனத்தின் ஹட்டன் அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அடையாள அட்டை இல்லாத தோட்டத்துக் குடும்பங்களின் விவரங்களைப் பதிய, ஜாவா என்ற கணினி மொழியில் ஓர் இணையச் செயலியை உருவாக்கினோம். நான் ஓய்வு பெற்ற தோட்டக் கிளாக்கர். கணினி மொழியைப் புத்தகம் வாங்கி நானே படித்தவன். தங்கேஸ்வரி கொழுந்து பறிப்பவரின் மகள். முறையாகப் படித்து வந்தவர்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். தோட்டம், டிவிஷன், வீட்டு எண் மூன்றும் சாய்கோடுகளால் பிரிந்து அந்தப் பக்கத்தின் இணைய முகவரியில் வரும். சாய்கோடு உள்ள இடங்களில் முகவரியை வெட்டி, எந்த வீடு என்று செயலி அறிந்துகொள்ளும். ஆனால் நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வீட்டு எண்ணுக்குள்ளேயே சாய்கோடு உண்டு. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா. ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா என்றால் கதவில் 7/3 என்றுதான் எழுதியிருக்கும். முகவரியில் போகும்போது, பிரிக்கும் கோடுகளோடு குழம்பாமலிருக்க அந்தக் கோடு மட்டும் ஒரு குறியீடாக மாறிப் போகும்.

"மொதல்ல வெட்டிறணும் ஐயா, பொறகுதான் குறியீட்ட அவுக்கணும்," என்பார் தங்கேஸ்வரி. "அவுத்துட்டு வெட்டுனா காம்பரா தனியாக் கழண்டுரும்." வந்த முகவரியை வந்தபடியே எடுத்து, வெட்டி, பிறகு ஒவ்வொரு துண்டிலும் குறியீட்டை அவிழ்த்து மறுபடி கோடாக்கும்படிதான் எழுதியிருந்தார்.

கொழும்பிலிருந்த தலைமைப் பொறியாளர் அதை மாற்றினார். அவிழ்த்த முகவரியையே கொடுக்கும் கட்டளை ஜாவாவில் இருக்கும்போது இத்தனை வரி எதற்கு என்றார். தங்கேஸ்வரி மறுத்துக் கடிதம் எழுதினார். சோதித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நான் முன்பு இருந்த குவாட்டர்ஸின் எண் வெறும் பன்னிரண்டு. அதைப் போட்டேன், பக்கம் ஒழுங்காக வந்தது. சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதிவு தொடங்கியது. ஏழாம் லயத்துக் காம்பராக்கள் எல்லாம் வெறும் ஏழு என்றே பதிவாயின. ஒரு குடும்பத்தின் மேல் அடுத்த குடும்பம் எழுதப்பட்டு, கடைசியாகப் பதிந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அடையாள அட்டை வழங்கும் முகாமுக்கு அந்த லயத்திலிருந்து ஒரு குடும்பத்தைத்தான் கூப்பிட்டார்கள். வாசலில் நின்ற ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "எம்புள்ள பேர எங்கங்க போட்டீங்க?"

முகவரியை வெட்டும் பகுதியை எழுதியவர் தங்கேஸ்வரி என்று விசாரணை அறிக்கை சொன்னது. அவருடைய கடிதத்தை யாரும் காட்டவில்லை. என்னைக் கேட்டபோது, சோதித்தேன், வேலை செய்தது என்றேன். பொய் இல்லை. என்ன எண்ணைப் போட்டேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

வேலை போன அன்று பஸ் நிலையத்தில் தங்கேஸ்வரி கோபப்படாமல் சொன்னார்: "கொழும்பு ஆளுகளுக்கு லயம் தெரியாது ஐயா. முப்பது வருசம் காலையில வேலைக்குப் பெரட்டுல வந்து நின்ன எங்க பேரெல்லாம் எழுதுனவங்க நீங்க. ஒரு லயத்து நம்பரப் போட்டுப் பாத்திருக்கலாம்." மஸ்கெலியா பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

பிறகு அங்கே ஒரு கடையில் தட்டச்சு செய்து பிழைத்தார். தோட்டத்து ஆட்களுக்கு விண்ணப்பம் எழுதினால், லயத்தையும் காம்பராவையும் அவர்கள் வாயாலேயே ஒரு முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் அச்செடுப்பாராம்.

அவர் மறுத்து எழுதிய கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

நிறுவனம் விசாரணை அறிக்கையில் தங்கேஸ்வரி மேல் பழி போட்ட வரியை நீக்கி, அவர் வீட்டுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மாற்றியது தான்தான் என்று கொழும்புப் பொறியாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று அந்தச் செயலியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்கேஸ்வரி எழுதிய வரிகளைத் திரும்பப் போட்டு, மேலே அவர் பெயரையும் எழுத வேண்டும். நான் மஸ்கெலியாவுக்குப் போய், சோதித்தவன் நான்தான் என்று அவருடைய அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே சொல்ல வேண்டும்.