ஆர்லிஸ் போடாத கவிதை

ஆர்லிஸ் ஹியெடலா எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருடம் ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டினாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பிறகு, மறுபடி ஏற்றிக்கொள்ளும் வரை ஐந்து மணி நேரம் அவளுக்குக் கையில் இருக்கும். மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். அவள் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வருவாள். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஜன்னலோர அடுக்குக்குப் போய், நாங்கள் வரவழைக்கும் ஒரு கவிதைக் காலாண்டிதழை எடுப்பாள். புது இதழ் வந்திராவிட்டால் பழையதையே எடுப்பாள். கவிதைகளை முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போவாள். எழுதியவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி அங்கே இருக்கும்.

"இந்த ஆளு தேனீ வளக்குறாராம் பெவ். இந்தம்மா பல் டாக்டராம்."

"உன்னப் பத்தி என்ன போடுவாங்க?"

"ஆர்லிஸ் ஹியெடலா, பள்ளி பஸ் ஓட்டுறவ. எந்தப் பனியிலயும் வண்டியப் பள்ளத்துல விட்டதில்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வரிக்காக அவள் பதினோரு வருடமாகக் கவிதை அனுப்பிக்கொண்டிருந்தாள். வந்த மறுப்புக் கடிதங்களையெல்லாம் ஒரு ரப்பர் பட்டையில் கட்டி, பேருந்தின் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். வெயில் கண்ணில் அடித்து அதை இறக்கும்போதெல்லாம் கடிதக் கட்டு மடியில் விழும் என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில், எழுதுகிறவர்கள் சமூக வலைத்தளங்களை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நூலகத்தில் ஐந்து புதன்கிழமை வகுப்பு நடத்தச் சொன்னார்கள். எனக்கு இலக்கியத்தில் ஒரு பட்டம் இருந்தது, முகநூலில் ஒரு கணக்கும் இருந்தது. இது போதும் என்று நினைத்தேன். ஆறு பேர் வந்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள், பின்னூட்டம் எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள், அடுத்தவர் எழுதியதையும் படியுங்கள் என்றேன். இவற்றில் தவறு ஒன்றும் இல்லை.

இரண்டாவது புதன்கிழமை ஆர்லிஸ் கை தூக்கினாள்.

"ஒரு சந்தேகம். இங்க போட்டுட்டா, அப்புறம் அந்தக் கவிதைய பத்திரிகையில எடுத்துப்பாங்களா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆறு பேரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

"ஏன் எடுக்க மாட்டாங்க? உனக்குன்னு நாலு பேர் படிக்க இருக்காங்கன்னு தெரிஞ்சா இன்னும் சந்தோஷமா எடுப்பாங்க," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. என் வாக்கியம் அவள் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு.

அடுத்த வாரமே ஆரம்பித்தாள். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒன்பது நாற்பதுக்கு, பேருந்தை நூலக வாசலில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே தன் முகநூல் பக்கத்தில் ஒரு கவிதை போடுவாள். முதல் மாதம் பதினேழு பேர் படித்தோம். அதில் நான்கு பேர் பேருந்துக் கொட்டகை ஆட்கள். மெக்கானிக் டுவேன் அவளை விடவே மாட்டான்.

"வாங்க கவியரசி. இன்னிக்கு எத்தன லைக்கு?"

"உன்னோடதையும் சேத்துப் பதினேழு. நீ படிக்காமலே போடுறன்னு தெரியும்."

"படிச்சேன். பிரேக்கப் பத்தி எழுதுனது மட்டும் புரிஞ்சுது. மோசமில்ல."

எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. அன்று முழுவதும் ஆர்லிஸ் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் 'கண்ணாடி' என்ற கவிதையைப் போட்டாள். ஓட்டுநர் தலைக்கு மேலே பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு பெரிய கண்ணாடி இருக்குமே, அதைப் பற்றி. அது இப்படி முடியும்:

கடைசிப் பிள்ளையும் இறங்கியாயிற்று.
முப்பத்தாறு காலி இருக்கைகள்
கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்க்கின்றன,
இவள் எங்கே இறங்க வேண்டியவள் என்று.

யாரோ பகிர்ந்தார்கள். அதைப் பார்த்து இன்னும் யாரோ. மூன்று வாரத்தில் அவள் பக்கத்துக்கு மூவாயிரம் பேர் வந்துவிட்டார்கள். டெக்சாஸில் ஒரு பேருந்து ஓட்டுநர், நோவா ஸ்கோஷியாவில் ஒரு நர்ஸ். எல்லாருக்கும் பதில் எழுதினாள். ஊக்கம் வந்து, பழைய பெட்டியில் இருந்த நல்ல கவிதைகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். நூற்றுப் பன்னிரண்டு கவிதைகள். போடு, போடு என்று சொன்னவள் நான்தான்.

அந்த வசந்தத்தில் 'கண்ணாடி'யைக் காலாண்டிதழுக்கும் அனுப்பினாள். ஜூன் மாதம், பள்ளி முடிகிற வாரம், எலுமிச்சை கேக் துண்டுகள் செய்து ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் வந்தாள். பூட்ஸைக் கழற்ற மறந்துவிட்டாள்.

"எடுத்துட்டாங்க பெவ்."

"எதை?"

"என்னைத்தான்." மூச்சு வாங்கியது. "என்னப் பத்தி ஒரு வரி கேட்டிருக்காங்க."

ஒரு வரிதான். இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினோம். பள்ளத்தில் விழாத கதையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்பதில்தான் தகராறு. கடைசியில் சேர்த்தோம்.

ஒன்பதாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. ஆசிரியர் குழுவில் ஒருவர் 'கண்ணாடி'யை முகநூலில் ஏற்கெனவே படித்திருக்கிறார். எல்லாரும் பார்க்கும்படி ஓர் இடத்தில் போட்டது எதுவானாலும் அச்சில் வந்ததாகவே கொள்வோம், இது எங்கள் விதி, மிகவும் வருந்துகிறோம், இதுவரை எங்கும் போடாத கவிதை இருந்தால் உடனே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். கவிதை எழுதுகிறவர்கள் பலருக்கும் தெரிந்த விதி. பெரும்பாலான பத்திரிகைகளில் உள்ள விதி. அந்த இதழின் உள்ளட்டையிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதை இருபது வருடமாக அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தவள் நான்.

"பக்கத்துல இருந்து அழிச்சிட்டா?" என்று கேட்டாள்.

நான் அவர்களுக்கு போன் செய்து கேட்டேன். அழித்தாலும் ஆகாது.

"போடாதது ஏதாவது இருக்கா ஆர்லிஸ்?"

"உருளைக்கிழங்கு பத்தி ஒண்ணு இருக்கு," என்றாள். "அது எனக்கே பிடிக்காது."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த நாள் கேக் வைத்திருந்த தட்டை வாங்கிக்கொண்டு போக வந்தாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவள் எதையும் போடவில்லை. புதிதாக எழுதி அனுப்புகிறேன் என்று நோட்டை எடுத்தாள். நவம்பரில் வயிற்று வலி என்று போனவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஒன்பதாம் எண் வண்டியை வேறொருத்தி ஓட்டினாள். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடவுச்சொல்லை எனக்குக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் டுலூத் நகர மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போனேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பேருந்து நிறுத்தங்கள் பட்டியல் அச்சடித்த தாள். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கவிதை.

"இதப் போட்டுடாத."

"போட மாட்டேன்."

"அவங்களுக்கு அனுப்பு. இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும், மருந்து குடுத்தா தூங்கிடறேன்."

பல மாதமாக மனதில் வைத்திருந்ததை அன்றுதான் கேட்டேன். "ஆர்லிஸ், அன்னிக்கு வகுப்புல நான் சொன்னது..."

"விடு. மூவாயிரம் பேர் படிச்சாங்கல்ல. மோசமில்ல."

"உனக்கு வேணும்னது அது இல்லையே."

அவள் என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடந்தது.

"இல்ல," என்றாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி போய்விட்டாள். இறுதி வழிபாடு முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். டுவேன் ஒரு மூலையில் என்னைக் கூப்பிட்டு, கோட்டுப் பையிலிருந்து அந்தக் கடிதக் கட்டை எடுத்து நீட்டினான். "புதுசா வந்தவ வெயில் மறைப்ப இறக்குனா, மடியில விழுந்துச்சாம். நீ வெச்சுக்க."

அவள் தம்பியின் சம்மதத்தோடு அந்தக் கவிதையை அனுப்பினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஒரு வரி கேட்பார்களே என்று அதையும் எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதம் ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அவள் மறைவுக்கு வருந்தி, 'கண்ணாடி'யை இன்னும் நினைவில் வைத்திருக்கிறோம் என்று சொல்லி, இந்தக் கவிதை முடிவடையாமல் நிற்பதாகத் தோன்றுகிறது, எங்களால் எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அது முடியவில்லை. அந்தக் கடிதத்தையும் மற்றவற்றோடு சேர்த்து ரப்பர் பட்டைக்குள் வைத்தேன். முப்பத்து நாலாவது.

அவள் பக்கத்துக்கு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். நேற்று நோவா ஸ்கோஷியா நர்ஸ் எழுதியிருந்தாள்: "ஆர்லிஸ் கடைசியாக ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா? இருந்தால் இங்கே போடுங்களேன். நாங்கள் காத்திருக்கிறோம்." போட்டால் ஒரே நாளில் ஆயிரம் பேர் படிப்பார்கள். முடிந்ததா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அழுவார்கள்.

அவள் பென்சிலால் எழுதிய தாள் என் மேசைமேல்தான் இருந்தது. 'இல்லை' என்று பதில் எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் அதற்கு நாற்பது பேர் இதயக்குறி போட்டிருந்தார்கள்.