ஒரே பெயரில் இரண்டு நிரல்கள்

என் தவறுக்காக ஒரு பெண் வேலையை இழந்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் அது நடந்திருக்காது. திறக்கவில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டி ஆலையில் மென்பொருள் பிரிவுக்கு நான் தலைவன். இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் இயந்திரங்களை ஓட்டும் கணினி நிரலின் ஒரு பிரதி எங்களிடமும் இன்னொன்று காக்களூர் கிளையிலும் இருந்தது. சோதித்து முடித்த நிரலுக்கு ஓர் எண்ணைப் பெயராக ஒட்டுவோம். அந்தப் பெயர் இரண்டு இடத்திலும் ஒரே நிரலைக் குறிக்க வேண்டும். ஒரு வரி திருத்தினாலும் அடுத்த எண்தான். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்.

நான்காம் பதிப்பை அனுப்பிய பிறகு அதில் என் பிழை ஒன்று கண்ணில் பட்டது. ஐந்து என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். கௌரவம் பார்த்தேன். சத்தமில்லாமல் திருத்தி, நான்கு என்ற பெயரையே அதன்மேல் நகர்த்தி வைத்தேன். காக்களூரில் மாற்ற, அங்கே நிரலைக் கவனித்துக்கொண்ட பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். அதற்குள் அவள் தன்னிடமிருந்த பழைய நான்கைப் பிரஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அச்சு உடைந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

விசாரணையில் எங்களிடமிருந்த நான்கைப் பார்த்தார்கள்; அதில் பிழை இல்லை, அவள்தான் வேறு எண்ணை ஏற்றிவிட்டாள் என்றார்கள். அவள் சொன்னாள்: "நான் ஏத்துனது நாலுதான் சார். பேரு ஒண்ணு, உள்ள இருக்கறது வேற. வந்து பாருங்க சார்."

"இன்னாம்மா, நாலு வரைக்கும் எண்ணத் தெரியாமயா கம்ப்யூட்டர் படிச்சிக்கினு வந்த?" என்றார் மேலாளர்.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஆலைக்குப் போய், இரண்டு பிரதிகளையும் அருகருகே திரையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். புதிய மேலாளர் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்ல அவள் ஊரான திருநின்றவூருக்குப் போனேன். அங்கே ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலை வேணாம் சார். அன்னிக்கு சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்கள்லாம் இப்ப அங்க இல்லம்மா."

"எங்க இருந்தாலும் சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் பேசினேன். அந்த மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தப் பொண்ணு சார்? நெஜமாவே ஞாபகம் வரல" என்றார். மற்றவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள்.

அவளுக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.